கடைசி பெஞ்சும் கலாசாரப் பயிற்சியும்

சென்ற மாதம் எங்கள் கூட்டத்தில் – கூட்டம் என்றால் ஏழெட்டுப் பேர், ஒரு மொட்டை மாடி, ஒரு பிளாஸ்க் டீ – நண்பர் ஒருவர் தம் செல்போனை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தார். அரசுப் பள்ளி ஆசிரியர் அவர். நல்ல வாசகர். மௌனியை முழுக்கப் படித்தவர், அதைப்பற்றி அலட்டிக்கொள்ளாதவர். போனில் ஒரு சர்டிபிகேட் இருந்தது. பன்மைக் கலாசார வகுப்பறைகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்யும் ஆன்லைன் பயிற்சி, ஆறு மணி நேரம், 100க்கு 92. அவர் வகுப்பில் இப்போது முப்பத்திரண்டு குழந்தைகள், அதில் பதினொரு பேர் வடக்கிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். எல்லோரும் பாராட்டினார்கள். காலத்துக்கேற்ற விஷயம் என்றார் ஒருவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மௌனம் பொறாமையாகவோ வழக்கமான முசுட்டுத்தனமாகவோ எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படியில்லை என்பதை நின்று நிதானமாகச் சொல்லவே இது.

அந்தப் பயிற்சியை அவர் அனுமதியோடு, அவர் போனிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். பார்க்காமல் திட்டுவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி. அது எனக்கு வேண்டாம். மொத்தம் ஆறு பகுதிகள். கலாசாரம் ஒரு பனிப்பாறை போன்றது, மேலே தெரிவது கொஞ்சம், நீருக்கடியில் இருப்பது அதிகம் என்று ஒரு படம். சில சமூகத்துக் குழந்தைகள் பெரியவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள் என்று ஒரு பாடம். ஹோலி, சட் பூஜை, துர்கா பூஜை என்று பண்டிகைகளின் பட்டியல். ரொட்டியும் அரிசியும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள். அதில் மூன்று, எந்த மூடனும் தேர்ந்தெடுக்காத அளவுக்கு அசட்டுத்தனமானவை. தவறாக அழுத்தினால் மறுபடியும் அழுத்தலாம். ஆறு மணி நேரத்தில் ஒரு குழந்தையின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பொய்யென்று சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரிதான். சரியாக இருப்பதுதான் அதன் கோளாறு. ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப்பற்றிச் சில தகவல்கள் தெரிந்துவைத்துக்கொண்டால் உறவு சீராகிவிடும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட சரி அது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கா தன் ராஜதந்திரிகளை உலகமெங்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களைப் பழக்க 1947ல் ஒரு நிறுவனம் ஏற்பட்டது. அங்கே 1950களின் தொடக்கத்தில் பாடம் சொன்னவர் எட்வர்ட் ஹால் என்ற மானிடவியல்காரர். அந்த அனுபவத்திலிருந்து 1959ல் அவர் எழுதிய புத்தகத்தோடுதான் இந்தத் துறைக்கு ஒரு ஆரம்பம் சொல்கிறார்கள். அயல்நாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு அடுத்த தேசத்துக்கு மாற்றலாகிப் போகிறவனுக்கு அந்த ஊரின் சரித்திரம் வேண்டியதில்லை, எவ்வளவு தூரத்தில் நின்று பேசுவது, எவ்வளவு நேரம் தாமதித்தால் குற்றமில்லை என்பது தெரிந்தால் போதும். ஹால் கூர்மையான மனிதர். இடமும் நேரமும் பேசும் பேச்சை அவர் கேட்ட விதம் ஒரு கவிஞனுக்கு உரியது. ஆனால் அவர் மாணவர்களின் தேவை குறுகியது, துறை அந்தத் தேவையின் வடிவத்தை எடுத்துக்கொண்டது.

அடுத்து வந்தவர் வியாபாரி. ஹாலந்துக்காரரான ஹொஃப்ஸ்டெட், 1967க்கும் 1973க்கும் இடையில் ஐ.பி.எம். கம்பெனி தன் ஊழியர்களிடம் உலகமெங்கும் நிரப்பி வாங்கிய லட்சத்துக்கு மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, ஒவ்வொரு தேசத்துக் கலாசாரத்துக்கும் மதிப்பெண் போட்டார். 1980ல் புத்தகமாக வந்தது. மேலதிகாரிக்குப் பணிந்துபோகும் குணத்தில் இந்தியாவுக்கு 77. தனிமனிதப் போக்கில் 48. இந்தியாவுக்கு ஒரே எண். தோடர்களுக்கும் நாகர்களுக்கும், சௌராஷ்டிரருக்கும் சந்தால்களுக்கும், எனக்கும் என் மேனேஜருக்கும் சேர்த்து ஒரே 77. அந்தக் கம்பெனி அன்னியச் செலாவணிச் சட்டத்தோடு ஒத்துப்போக மறுத்து 1978ல் இந்தியாவைவிட்டே போய்விட்டது. 1992ல் திரும்பி வந்தது. எண் மட்டும் எங்கும் போகவில்லை. இன்றும் அது பயிற்சி வகுப்புகளில் சுவரில் விழுகிறது.

1986ல் மில்டன் பென்னட் என்பவர் மனிதன் வேற்றுக் கலாசாரத்தை உணரும் விதத்தை ஆறு படிகளாக வகுத்தார். வித்தியாசத்தை மறுப்பதில் தொடங்கி, அதை எதிர்த்துத் தற்காத்துக்கொண்டு, பின் அற்பமாக்கி, பின் ஒப்புக்கொண்டு, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, கடைசியில் அதோடு ஒன்றாகிவிடுகிற ஏணி. நண்பரின் போனில் இருந்த ஆறு பகுதிகளும் இந்த ஆறு படிகள்தான், பெயர் சொல்லாமல். ஒரு படிக்கு ஒரு மணி நேரம். காலையில் வித்தியாசத்தை மறுக்கிறவனாக உட்கார்ந்தால் சாயங்காலம் அதோடு ஒன்றிப்போனவனாக எழுந்திருக்கலாம்.

ஆக, ராஜதந்திரிக்குத் தைத்த சட்டை, மேனேஜருக்கு அளவு திருத்தப்பட்டு, இப்போது வாத்தியாருக்கு மாட்டிவிடப்படுகிறது. மூன்று பேருக்கும் ஒரு அடிப்படை வேறுபாடு உண்டு, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ராஜதந்திரியும் மேனேஜரும் அயலூருக்குப் போகிறவர்கள். தடுமாறப்போவது அவர்கள், அவர்களுக்குப் பயிற்சி நியாயம். வகுப்பறையில் அயலூருக்கு வந்திருப்பது எட்டு வயசுக் குழந்தை. தடுமாறுவது அது. வாத்தியார் தன் ஊரில், தன் மொழியில், தன் நாற்காலியில், கையில் சாக்கட்டியோடு இருக்கிறார். பயத்தின் திசையே இங்கே வேறு. அதைப் பார்க்காத பயிற்சி, வாத்தியாருக்குத் தைரியம் கொடுக்கிறது. தைரியம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

2

என் கவுண்ட்டரில் நடப்பதைச் சொல்லாமல் இதற்குமேல் போகமுடியாது. எங்கள் கிளைக்குப் பணம் அனுப்பவும் கணக்கு தொடங்கவும் வடக்கத்தித் தொழிலாளிகள் வருகிறார்கள். போன வருஷம் ஒருவர் தம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வயசிருக்கும். கவுண்ட்டர் மேடை அவள் நெற்றிக்கு வந்தது. அப்பா ஏதோ சொன்னார், அவள் கேட்டுக்கொண்டாள், என் பக்கம் திரும்பி, ‘போன மாசம் அனுப்புனது ஊர்ல இன்னும் வரலீங்களாமா சார், அப்பா கேக்கறாருங்க’ என்றாள். அந்த ‘ங்க’வைக் கேளுங்கள். கொங்கு மண்ணின் மரியாதை மொத்தமும் அந்த ஒட்டில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு அது நாக்கில் வர மூன்று வருஷம் ஆயிற்று. ஊர்க் கிளையின் குறியீட்டு எண்ணில் ஒரு எழுத்து தப்பியிருந்தது. நான் சொன்னதை அவள் அப்பாவுக்குச் சொன்னாள். அவர் கோபமாக ஏதோ சொன்னார். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. வேறு மாதிரி, தணிவாகக் கேட்டாள். எதை மொழிபெயர்க்கக்கூடாது என்பது தெரிந்த மொழிபெயர்ப்பாளரை நம் இலக்கிய உலகில் நான் ஒருவர் இருவர்தான் பார்த்திருக்கிறேன்.

எந்த வகுப்பு என்று கேட்டேன். அஞ்சு என்றாள். தமிழ் நல்லா படிக்கறயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ‘நான் லாஸ்ட் பெஞ்சுங்க சார். எனக்குத் தமிழ் வராதுங்க’ என்றாள். இதைத் தமிழில் சொன்னாள்.

பண்பாடுகளுக்கிடையே தகவல் பரிமாறும் திறன் என்று அந்தப் பயிற்சி எதைச் சொல்கிறதோ அது முழுசாக, ரத்தமும் சதையுமாக, அன்று என் முன்னால் நின்றது. பள்ளிக்கூடம் அதைக் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருக்கிறது. பயிற்சி யாருக்குத் தேவை, யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. வாடிக்கையாளரின் பண்பாட்டை மதித்து நடப்பது எப்படி என்று எங்களுக்கும் ஒரு ஆன்லைன் பாடம் உண்டு. மார்ச் மாதக் கணக்கு நெருக்கத்தில், மேனேஜர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தியபின், வரிசையில் பதினைந்து பேர் நிற்க, நான் அதைத் திரையின் மூலையில் திறந்து வைத்து அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனேன். 100க்கு 90. வரிசையில் நின்ற பதினைந்து பேரில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. அவர்களைப் பார்க்காமல், அவர்களை எப்படிப் பார்ப்பது என்று பாஸானேன். நண்பர் சர்டிபிகேட்டைக் காட்டியபோது நான் வாயடைத்துப்போனதற்கு இதுதான் காரணம். அவருடைய 92ல் என்னுடைய 90 தெரிந்தது.

3

இனி என் குற்றச்சாட்டு. இந்தப் பயிற்சிகளில் கலாசாரம் என்ற சொல் ஒரு திரை. அதன் பின்னால் இரண்டு விஷயங்கள் மறைக்கப்படுகின்றன: மொழி, கூலி.

கூலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கியாயிற்று, மழைக்காலம் முடிந்து வந்து கோடை முடியும்வரை இருக்கவேண்டும். பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. இந்தக் குழந்தை பாதி ஆண்டு அங்கே, பாதி ஆண்டு இங்கே, இரண்டு இடத்திலும் பாதிப் பாடத்தில் நுழைந்து பாதியில் எழுந்துபோகிறது. இது ஒடியக் கலாசாரம் அல்ல. இது முன்பணம். பனிப்பாறையின் நீருக்கடிப் பகுதியில் இருப்பது சடங்கும் நம்பிக்கையும் என்று படம் போட்டுக் காட்டுகிறவர்கள், அதற்கும் அடியில் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் இருப்பதைச் சொல்வதில்லை. குழந்தை ஏன் தூங்கி வழிகிறது என்பதற்குக் கலாசார விளக்கம் தேடும் வாத்தியார், அம்மா இரவு ஷிப்டுக்குப் போனபோது தம்பியைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால் போதும்.

மொழி விஷயம் இன்னும் சிக்கல். இங்கே நம் கை அழுக்கு.

பீகாரிலிருந்து வரும் குழந்தையைப் பயிற்சி ‘ஹிந்தி பேசும் குழந்தை’ என்கிறது. நாமும் அப்படித்தான் சொல்கிறோம், சற்று முகத்தைச் சுளித்து. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் என் முன்னால் பேசியது ஹிந்தி இல்லை. கேட்டேன். போஜ்புரி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஐந்து கோடிப் பேர். கணக்கு அவர்களை அப்படியே ஹிந்தியின் கீழ் சேர்த்து எழுதிக்கொண்டது. மைதிலி 2003ல் எட்டாவது அட்டவணைக்குள் வந்தது, போஜ்புரி வரவில்லை. ஆக அந்தக் குழந்தையின் மொழியை ஊரிலேயே ஹிந்திப் பள்ளிக்கூடம் வாசலில் நிறுத்திவிட்டது. இங்கே வந்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடம் அதற்கு ஹிந்தி என்று பெயர் வைத்து மறுபடி வாசலில் நிறுத்துகிறது. ஒடிசாவிலிருந்து வரும் எல்லாக் குழந்தைக்கும் ஒடியா தாய்மொழி என்பதும் இதே போன்ற சோம்பேறித்தனம். குயி இருக்கிறது, சவரா இருக்கிறது, சந்தாலி இருக்கிறது. அந்த மாநிலமே 2006 முதல் பழங்குடி மொழிகளில் தொடக்கப் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறது.

1965ல் மொழிக்காகத் தீக்குளித்தவர்களின் வரிசையில் நிற்பவர்கள் நாம். அன்னிய மொழியில் பாடத்தைத் திணித்தால் குழந்தையின் மனசு என்ன ஆகும் என்பதை மேடை மேடையாக நம்மைவிட நன்றாகச் சொன்னவர்கள் இந்தத் தேசத்தில் கிடையாது. அந்த வாதத்தின் பலம், அது நமக்கு மட்டும் உண்மை என்பதில் இல்லை. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், முடிந்த அளவுக்குத் தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது. அதே சட்டம், பள்ளிக்கே போகாத குழந்தையையும் வயசுக்கேற்ற வகுப்பில் சேர், அதற்கு ஈடுகொடுக்கத் தனிப்பயிற்சி கொடு என்கிறது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது ஒரு கையெழுத்தில் முடிகிறது. தனிப்பயிற்சிக்கு ஆள் வேண்டும், ஆகவே அது முடிவதில்லை. 2006ல் நாம் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்தோம். தமிழகத்தில் வளரும் குழந்தை தமிழ் படிக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் கட்டாயப்படுத்துவதற்கும் கற்பிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நாம் கட்டாயத்தைச் சட்டமாக்கிவிட்டு, கற்பித்தலை ஒரு செல்போனிடம் கொடுத்திருக்கிறோம்.

இதெல்லாம் வடக்கத்தியான் வந்ததால் வந்த புதுப் பிரச்னை என்று நினைக்கவேண்டாம். 2011 கணக்கில் இந்த மாநிலத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 88 சதவீதம். மீதிப் பேர் எங்கே இருந்தார்கள்? கரிசல் காட்டில் வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். மதுரையில் சௌராஷ்டிரம், தாளவாடியில் கன்னடம், ஆம்பூரில் உருது. நரிக்குறவர் குழந்தை வாக்ரிபோலி பேசிக்கொண்டு நம் வகுப்பின் வாசல்வரை வந்து, மணிகளும் ஊசிகளும் விற்கத் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆயிற்று. பன்மைக் கலாசார வகுப்பறை நம்மிடம் எப்போதும் இருந்தது. அதற்கு அப்போது பெயர் இல்லை, ஆகவே பயிற்சியும் இல்லை. இப்போது பெயர் வந்திருக்கிறது, இறக்குமதியாக.

அந்த இறக்குமதி மனோபாவத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. கனடா நாடாளுமன்றம் 2016ல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்தபோது நமக்குப் புல்லரித்தது. டொரோன்டோவில் ஒரு ஆசிரியை நம் குழந்தையின் பெயரைப் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டாள் என்றால் நமக்குக் கண் நிறைகிறது. இங்கே வகுப்பில் பதினொரு குழந்தைகளின் பெயர்களையும் சேர்த்து ‘ஏய் ஹிந்தி’ என்று கூப்பிடுகிறோம்.

4

சரி, வாத்தியாருக்கு என்னதான் தெரியவேண்டும்? ஹோலி எந்த மாதத்தில் வருகிறது என்பதைவிட அவசரமாக, தன் மொழி தெரியவேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது அது எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டும்.

‘காகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் ஒரே ‘க’ வரிசை. ஆனால் முதல் ஒலியும் இரண்டாவது ஒலியும் ஒன்றல்ல. ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் ஒன்றல்ல. தமிழ்க் குழந்தைக்கு இது பிரச்னையே இல்லை. அதன் காதில் வித்தியாசம் விழாது, வாய் தானாகச் செய்துகொள்ளும். தேவநாகரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்த குழந்தைக்கோ இவை தனித்தனி எழுத்துக்கள். அங்கே க, ச, ட, த, ப ஒவ்வொன்றின் இடத்திலும் நாலு நாலு, மொத்தம் இருபது. இங்கே ஒன்று ஒன்று. கசடதபற என்பதை 1970ல் ஒரு பத்திரிகைக்கே பெயராக வைத்தவர்கள் நாம். வல்லினம் ஆறு என்பது நமக்குப் பெருமை. இருபதிலிருந்து ஆறுக்கு வரும் குழந்தைக்கு அது ஒரு புதிர். அது தயங்கித் தயங்கி வாசிக்கிறது. எந்த ஒலி என்று ஒவ்வொரு எழுத்திலும் முடிவு செய்யவேண்டியிருக்கிறது அதற்கு. வாத்தியார் மந்தம் என்று குறித்துக்கொள்கிறார். சொல்லுக்கு முதலில் வந்தால் இப்படி, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் இப்படி, நடுவில் தனியே வந்தால் இப்படி என்று மூன்று வரி விதி. அரை மணி நேரப் பாடம். அந்த ஆறு மணி நேரத்தில் இந்த அரை மணி இல்லை.

இரண்டாவது, நம் இரட்டை வழக்கு. அந்தப் பெண் தனக்குத் தமிழ் வராது என்று தமிழில் சொன்னது பொய் இல்லை. தெருவில் ‘வந்துட்டாங்க’, புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’. அவள் கற்றது முதலாவது, பரீட்சை இரண்டாவதில். நம் வீட்டுக் குழந்தைக்கே புத்தகத் தமிழ் பாதி அன்னிய மொழி. தாத்தாவும் ரேடியோவும் கோயிலும் அதைக் கொஞ்சம் பழக்கி வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் விளையாட்டு மைதானத்து மொழியையும் பாடப்புத்தக மொழியையும் 1979லேயே பிரித்துக் காட்டினார். டொரோன்டோவில் குடியேறியவர்களின் குழந்தைகளைப்பற்றிய விவரங்களை வைத்து 1981ல் அவர் சொன்னது: முதலாவது ஏறத்தாழ இரண்டு வருஷத்தில் வந்துவிடும், இரண்டாவதற்கு ஐந்திலிருந்து ஏழு வருஷம்வரை ஆகும். மைதானத்தில் சரளமாகச் சண்டை போடும் குழந்தை வகுப்பில் ஊமையாக இருந்தால் அது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. அதற்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கிறது. அந்த மூன்று வருஷத்தை யாராவது கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, தவறுகளைப் படிக்கத் தெரியவேண்டும். நண்பரே சொன்ன விஷயம் இது. ஒரு பையன் ‘பசு வந்தாள்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ‘வந்தது’. ஹிந்தியில் பசு பெண்பால். வினைச்சொல்லும் பெண்பாலில்தான் முடியும். பையன் அந்த ஒழுங்கைத் தமிழுக்குள் கொண்டு வந்திருக்கிறான். தப்பான இடத்தில் வைத்த சரியான சிந்தனை. இதில் வேடிக்கை என்னவென்றால், உவப்பினால் பசுவை அம்மை என்று சொல்லி உயர்திணை வினையால் முடிப்பதை நம் இலக்கணக்காரர்களே திணை வழுவமைதி என்று ஒப்புக்கொண்டு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். நண்பர் புலவர் பட்டம் வாங்கியவர்; அவருக்கு இது தலைகீழ்ப் பாடம். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் அது அவர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால், நீ சொல்வதுபோல நாங்களும் சொல்வதுண்டு, பசுவின்மேல் பிரியம் வரும்போது என்று சொல்லியிருக்கலாம். உயர்திணை, அஃறிணை என்ற பிரிவு அந்தப் பையனுக்கு ஆயுசுக்கும் மறந்திருக்காது. வகுப்பிலிருந்த தமிழ்ப் பிள்ளைகளும் தம் மொழியை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

கலாசாரங்களின் சந்திப்பு என்று ஒன்று உண்டானால் அது அங்கே, அந்தச் சிவப்புக் கோட்டின் இடத்தில்தான் நடக்கும். பண்டிகைப் பட்டியலில் நடக்காது.

5

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் அன்றே சொல்லப்பட்டன.

ஒன்று: வாத்தியாருக்கு நேரம் எங்கே? நியாயம். எமிஸில் வருகைப் பதிவு, அதில் இது, அதில் அது, குறுவள மையக் கூட்டம், தேர்தல் வேலை. ஆனால் இந்த நியாயம் என் பக்கம்தான் பேசுகிறது. நேரமில்லாத மனிதனிடம் ஆறு மணி நேரத்தைப் பிடுங்கி, அதற்கு ஈடாக ஒரு காகிதம்கூட இல்லை, காகிதத்தின் படத்தைக் கொடுக்கிறார்கள். மத்திய அரசு 2019 ஆகஸ்டில் நாடெங்கும் 42 லட்சம் ஆசிரியர்களுக்கென்று தொடங்கிய நிஷ்டா பயிற்சி, தொற்று நோயின் நிர்ப்பந்தத்தில் 2020 அக்டோபரில் திக்ஷா தளத்தின் வழியே 18 பாடங்களாகத் திரைக்குள் போயிற்று. அன்று வேறு வழியில்லை. நோய் போனபின்னும் பழக்கம் போகவில்லை. காரணம், திரைக்குள் நடப்பதை எண்ணலாம். எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஒரு நிமிஷத்தில் சொல்லலாம். எத்தனை குழந்தைகள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார்கள் என்பதற்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

இரண்டு: நீ விஞ்ஞானத்தின் எதிரி. இல்லை. திரைமேல் எனக்குக் கோபமில்லை. திரை என்ன செய்யும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் போன் போனாகப் பரவின. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர் யார், பயந்து ஓடுகிறவர் யார் என்று பிரிக்க முடியாமல் ரயில் நிலையம் நிறைந்தது. பயத்தைக் கொண்டு போகத் திரைக்கு மூன்று நாள் போதும். அதே திரை வேறொன்றையும் செய்யலாம். அந்தப் பையனுக்குச் சீவானிலோ கயாவிலோ இரண்டாம் வகுப்பு எடுத்த ஒரு மாஸ்டர் இருப்பார். அவரையும் நண்பரையும் வாரத்தில் அரை மணி எதிரெதிரே உட்கார வையுங்கள். இவன் அங்கே எதுவரை படித்தான், எதில் சுறுசுறுப்பு, உங்கள் எழுத்தில் எது எங்கள் எழுத்தில் இல்லை என்று இருவரும் ஒரே குழந்தையைப்பற்றிப் பேசட்டும். 1954ல் கார்டன் ஆல்போர்ட், வேறுபட்டவர்கள் சும்மா சந்தித்தால் வெறுப்பு குறைந்துவிடாது, சமமான நிலையும் பொதுவான காரியமும் கூட்டு உழைப்பும் அதிகாரத்தின் ஆதரவும் வேண்டும் என்றார். இரண்டு வாத்தியார்களும் ஒரு குழந்தையும் என்றால் இந்த நாலும் அதில் அடங்கும். இதைச் செய்யத் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. செய்யாததற்குக் காரணம், அதற்கு மதிப்பெண் போட முடியாது.

பக்கத்தில் கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017ல் ரோஷ்னி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். குழந்தையின் மொழி தெரிந்த ஒருவரை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அந்த மொழியிலிருந்து மலையாளத்துக்கு, மலையாளத்திலிருந்து அந்த மொழிக்கு மாறி மாறிப் பாடம் போகும். நம் திருவள்ளூரிலேயே சூளைகளை ஒட்டிப் பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன, ஒடிசாவிலிருந்து வரவழைத்த புத்தகங்களோடு. இவை பூரணமானவை அல்ல. ஆனால் இவற்றில் ஒரு ஆள் இருக்கிறார். சம்பளம் வாங்குகிற, குழந்தையின் மொழி பேசுகிற ஒரு ஆள். கலாசாரப் பயிற்சி என்பது பெரும்பாலும் அந்த ஆளை நியமிக்காமல் இருப்பதற்கான செலவு குறைந்த வழி. நம் ஊரில் சத்துணவு வந்தபோது, பசியின் பன்முகங்கள் என்று வாத்தியாருக்குப் பாடம் எடுக்கவில்லை. அடுப்பு வைத்தார்கள், ஆயாவைப் போட்டார்கள், அரிசி வந்தது.

இதை எழுதி முடித்து நண்பரிடமே முதலில் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பசு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வாடினார். நாலு நாள் கழித்துக் கிளைக்கே வந்தார். வகுப்பில் ‘காகம்’ என்று பலகையில் எழுதி, உங்கள் வீட்டில் இதை என்ன சொல்வீர்கள் என்று கேட்டாராம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் ‘கவ்வா’ என்றதாம். வங்காளத்துப் பையன் ‘காக்’ என்றானாம். ஒடிசாக் குழந்தை ‘காவு’. ஒரு தெலுங்குவீட்டுப் பெண், நாலு வருஷமாக அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவள், அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பதே அவருக்குத் தெரியாதாம், ‘காக்கி’ என்றாளாம். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதப் பார்த்திருக்கிறார். எழுத்து போதவில்லை. ‘சார், அது அப்படி இல்லீங்க’ என்று கடைசி பெஞ்சு அவரைத் திருத்தியிருக்கிறது.

‘எத்தனை தடவை திருத்தினாங்க?’ என்று கேட்டேன்.

‘பீரியட் முடியற வரைக்கும்’ என்றார்.